இரவு ஷிஃப்டுக்கு ஒருநாள் வாருங்கள்: ஆய்வு நெறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுக் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் வணிகவியல், மேலாண்மை ஆய்வுகளுக்கு நெறியாளர்களாக இருக்கும் பேராசிரியர்களுக்கு,

வணக்கம்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மாணவி முப்பது கேள்வித்தாள்களோடு எங்கள் கம்பெனி வாசலில் வந்து நின்றார். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனி. சாயப்பட்டறையும் சொந்தமாக உண்டு. அவருடைய ஆய்வு, நிறுவனப் பண்பாடு எப்படிச் சுற்றுச்சூழல் மேலாண்மையையும் அறிக்கைகளையும் பாதிக்கிறது என்பது பற்றியது. கேள்விகள் நாற்பத்திரண்டு, எல்லாம் ஆங்கிலம். ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை ஏதாவது ஒரு எண்ணை டிக் அடிக்க வேண்டும். வெயிலில் பஸ் மாறி வந்திருந்தார், பாவம். மோர் கொடுத்தோம். அடுத்த வாரம் வந்து வாங்கிக்கொள்ளும்மா என்று எச்.ஆர். சொன்னார்.

அந்த முப்பது தாளையும் நிரப்பியவர்கள் மூன்றே பேர். எச்.ஆர். பையன் பதினைந்து, ஸ்டோர் கீப்பர் ஏழு, நான் எட்டு. ஒரே கை என்று தெரியக்கூடாதே என்று நீல மை, கருப்பு மை, ஜெல் பேனா என்று மாற்றி மாற்றி டிக் அடித்தோம். எல்லாவற்றுக்கும் ஐந்து போட்டால் சந்தேகம் வரும் என்று நடுநடுவே மூன்றும் போட்டேன். ‘இந்த நிறுவனத்தில் சுற்றுச்சூழல் பிரச்சினைகளைப் பயமில்லாமல் மேலதிகாரியிடம் சொல்ல முடியும்’ என்று ஒரு வாக்கியம் இருந்தது. எட்டுத் தாளிலும் அதற்கு நான்கு போட்டது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஐந்து போட மனசு வரவில்லை. ஒன்று போட தைரியம் வரவில்லை.

அந்தப் பெண் பட்டம் வாங்கிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். சந்தோஷம்தான். அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்தத் தாள்களோடு அவரை அனுப்பிவைத்த உங்களுக்குத்தான் எழுதுகிறேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி படித்துவிட்டு 1998ல் ஒரு சாயப்பட்டறையில் கழிவுநீர் சுத்திகரிப்புப் பிளான்டில் சேர்ந்தேன். அந்தப் பட்டறை 2011ல் மூடியது, பிறகு திறக்கவே இல்லை. அப்புறம் மேலே சொன்ன ஏற்றுமதிக் கம்பெனி. அங்கே பிளான்டோடு பையர் ஆடிட் (துணி வாங்குகிற கம்பெனிகள் நடத்தும் சோதனை), மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் போகிற படிவங்கள், கம்பெனியின் வருடாந்திரச் சுற்றுச்சூழல் அறிக்கைக்கான எண்கள் எல்லாம் என் தலையில். போன வருஷம் ஓய்வு பெற்றேன். பிளான்டில் எடுக்கிற ரீடிங் எப்படி அறிக்கையில் ஒரு வரியாக மாறுகிறது என்பதை இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் பக்கத்திலிருந்து பார்த்தவன் என்பதுதான் எனக்கு இருக்கிற ஒரே தகுதி.

உங்கள் மாணவர்களின் ஆய்வேடுகள் ஷோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்தில் கிடைக்கின்றன. ஓய்வில் இருக்கிறவனுக்கு நேரம் நிறைய, சிலவற்றைப் படித்தேன். இரண்டாம் அத்தியாயம் வந்ததுமே கெர்ட் ஹோஃப்ஸ்டீட் வந்துவிடுகிறார். ஐபிஎம் கம்பெனியின் ஊழியர்களிடம் 1967லிருந்து 1973 வரை எடுத்த கருத்துக்கணிப்பை வைத்து, ஒவ்வொரு நாட்டின் பண்பாட்டுக்கும் மார்க் போட்டவர். 1980ல் அது வெளியானது. அதில் ‘அதிகார இடைவெளி’ என்ற கணக்கில் இந்தியாவுக்கு 77. அதாவது மேலே இருக்கிறவர் மேலேயே இருப்பது சரிதான் என்று கீழே இருக்கிறவரும் ஒத்துக்கொள்கிற நாடு. அவருக்குப் பின்னாலேயே சிட்னி கிரே வருகிறார். இந்தப் பண்பாட்டு மார்க்குகளைக் கணக்குப் பதிவியலோடு இணைத்து, ஒரு நாட்டின் கணக்குகள் மறைப்பு பக்கம் சாயுமா, வெளிப்படை பக்கம் சாயுமா என்று 1988ல் எழுதியவர். மூன்றாம் அத்தியாயத்தில் நிறுவன அறிக்கைகளில் ‘சுற்றுச்சூழல்’ என்ற சொல் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணுகிறார்கள். நான்காம் அத்தியாயம் புள்ளியியல். ஐந்தில் பரிந்துரைகள்.

இருவருமே பெரிய அறிஞர்கள், நான் மறுக்கவில்லை. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். அந்தக் கணிப்பு எடுத்தபோது இந்தியாவில் இருந்த ஐபிஎம் 1978ல் நாட்டை விட்டே போய்விட்டது. திருப்பூர் வெளிநாட்டுக்குத் துணி அனுப்பப் பழகியதே ஏறத்தாழ அந்தச் சமயத்தில்தான். அன்றைக்கு டை கட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் விற்றவர்களுக்குக் கிடைத்த 77ஐ, இன்றைக்கு எங்கள் நொய்யல் ஆற்றங்கரையில் லுங்கியோடு பம்பை ஆன் பண்ணுகிற ஆபரேட்டருக்கும் பொருத்துகிறோம். அவருக்கும் அவருடைய ஓனருக்கும் நடுவில் இடைவெளி இல்லையா என்றால், இருக்கிறது. ஆனால் அது எல்லா நேரமும் ஒரே அளவில் இருப்பதில்லை. எப்போது கூடுகிறது, எப்போது காணாமல் போகிறது என்பதைத்தான் நீங்கள் ஆராய வேண்டும் என்பது என் கோரிக்கை.

ஒரு உதாரணம் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

பருத்தித் துணிக்குச் சாயம் ஏற உப்பு வேண்டும், நிறைய வேண்டும். துணி சாயத்தை எடுத்துக்கொள்ளும். உப்பு அப்படியே கழிவுநீரில் வந்துவிடும். 2000 வாக்கில் எங்கள் பட்டறையில் இருந்த பிளான்டில் சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்பேட்டும் போட்டு, கசடை இறக்கி, காற்று ஊதி வெளியே விடுவோம். கலர் போகும், நாற்றமும் குறையும். உப்பு மட்டும் போகவே போகாது. கரைந்த உப்பு அப்படியெல்லாம் போகாது என்று பிளஸ் டூ கெமிஸ்ட்ரி படித்தவருக்குத் தெரியும். விதிப்படி வெளியேறும் தண்ணீரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். எங்கள் மீட்டரில் ஆறாயிரம், ஏழாயிரம் வரும். ரெஜிஸ்டரில் 1,980 என்று எழுதுவோம். மறுநாள் 2,020. அதற்கடுத்த நாள் 1,950. கேள்வித்தாளில் நடுநடுவே மூன்று போடும் சாமர்த்தியத்தை நான் கற்றது அந்த ரெஜிஸ்டரில்தான்.

அப்படி எழுதச் சொன்னது யார் என்று கேட்டால் எனக்கு ஒரு பெயர் சொல்ல வராது. ஓனர் ஒருநாளும் என்னிடம் பொய் எழுது என்று சொன்னதில்லை. ஏழாயிரம் என்று நான் எழுதியிருந்தால் அவர் என்ன செய்திருப்பார் என்றும் எனக்குத் தெரியாது, ஏனென்றால் எழுதிப் பார்க்கவே இல்லை. வேலையில் சேர்ந்த முதல் வாரம் எனக்கு முன்னால் இருந்த ஆபரேட்டர், பத்தாவது ஃபெயில், என்னைவிட நாலு வயசு சின்னவன், ரொம்ப மரியாதையாகச் சொன்னான்: “ஏனுங்கண்ணா, ரெண்டாயிரத்துக்குக் கீழ எழுதுனா யாரும் கேக்க மாட்டாங்க. மேல எழுதுனா எல்லாரும் உங்களையத்தான் கேப்பாங்க.” அவ்வளவுதான். எனக்கு நடந்த பயிற்சி அது ஒன்றுதான். நீங்கள் ‘நிறுவனப் பண்பாடு’ என்று சொல்வது எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்டால், அந்த இரண்டு வாக்கியத்தில் இருக்கிறது என்பேன். எந்த ஆண்டறிக்கையிலும் அதை எண்ண முடியாது.

வருகிற அதிகாரிகளும் பாட்டிலில் தண்ணீரைப் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார்கள். தெளிவாக இருந்தால் முகம் மலரும். (மாதிரி எடுத்துப் போய் லேபில் பார்த்தவர்களும் இருந்தார்கள், எல்லாரையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது.) நமக்கு அழுக்கு என்றால் கண்ணுக்குத் தெரிய வேண்டும். கலர் தண்ணீர் ஆற்றில் ஓடினால் போட்டோ எடுத்துப் பேப்பரில் போடுவார்கள், உப்புத் தண்ணீர் ஓடினால் யார் போடுவார்கள்? அதனால் சுத்திகரிப்பு என்பதே எங்கள் மனசில் கலரை எடுப்பது என்று ஆகிவிட்டது. பிளான்டின் வடிவமைப்பு, அறிக்கையில் நாங்கள் பெருமையாகப் போடும் போட்டோ, ஆடிட்டரை நிறுத்தி வைத்துக் காட்டும் இடம் எல்லாமே அதையொட்டித்தான். இது பண்பாடு இல்லையென்றால் எது பண்பாடு?

உப்பு போய்ச் சேர்ந்த இடம் ஒரத்துப்பாளையம். 1992ல் நொய்யலுக்குக் குறுக்கே பாசனத்துக்கென்று கட்டி முடித்த அணை. சில வருஷத்திலேயே அது சாயக்கழிவுக் குட்டையாகி, தண்ணீர் திறந்துவிடாதீர்கள் என்று விவசாயிகளே கேட்கும் நிலைக்கு வந்தது. என் மாமா பெண்ணைக் கட்டிக்கொடுத்த ஊர் அந்தப் பக்கம். ஒரு கல்யாணப் பந்தியில் அவளுடைய மாமனார் என் பக்கத்தில் உட்கார்ந்தார். ரசம் ஊற்றும்போது சிரித்துக்கொண்டே சொன்னார்: “மாப்ளே, எங்க தோட்டத்து எளநி குடிச்சுப் பாருங்க. உங்க பட்டறை உப்புதான்.” சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சொந்தத்துக்குள் அதற்கு மேல் பேச முடியாது. சாயப்பட்டறை வைத்தவர்களும், ஆற்றுக்குக் கீழே தோட்டம் வைத்திருந்தவர்களும் எங்கள் பக்கத்தில் பல இடங்களில் சம்பந்திகள், பங்காளிகள். நேற்றுவரை இவர்களும் விவசாயிகள். அந்தப் புகார் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. பந்தியிலேயே முடிந்துபோனது.

சரி, இதுதான் நம்ம பண்பாடு, சொந்தபந்தம் பார்த்து வாயை மூடிக்கொள்வோம் என்று நீங்கள் முடிவுரை எழுதிவிடக்கூடாது. அதே ஊர்க்காரர்கள், அதே சொந்தபந்தம் உள்ளவர்கள்தான் நொய்யல் ஆயக்கட்டுதாரர் (ஆற்றுப் பாசன விவசாயிகள்) சங்கமாகச் சேர்ந்து உயர்நீதிமன்றம் போனார்கள். சொட்டுக் கழிவும் வெளியேறக்கூடாது என்ற நிலையை எட்டச் சொல்லி 2006ல் தீர்ப்பு. 2009ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. நடக்கவில்லை என்றதும், 2011 ஜனவரி 28 அன்று திருப்பூரின் சாய, சலவைப் பட்டறைகள் அத்தனையையும் மூடச் சொல்லி உயர்நீதிமன்றம் உத்தரவு போட்டது. எழுநூறுக்கும் மேல் பட்டறைகள். 77 மார்க் வாங்கிய நாட்டில், அதிகாரத்துக்குப் பணிகிற சமூகத்தில், பத்துப் பதினைந்து வருஷம் விடாமல் கேஸ் நடத்தியவர்கள் அவர்கள். பந்தியில் சிரித்ததும் நம்ம ஆட்கள், கோர்ட்டுக்குப் போனதும் நம்ம ஆட்கள்.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்னும் சுவாரஸ்யம். புதுக் கம்பெனியில் ஆர்.ஓ. (சவ்வு வழியாக உப்பைப் பிரித்து நல்ல தண்ணீர் எடுக்கிற கருவி) போட்டு, மிஞ்சுகிற உப்புக் கரைசலைக் கொதிக்கவைத்து வற்றவைக்க எவாப்பரேட்டர் போட்டார்கள். எவாப்பரேட்டர் என்றால் நீராவி. நீராவி என்றால் பாய்லர், விறகு. ஆர்.ஓ. சவ்வு கெட்டுப்போய் நல்ல தண்ணீர் (ரெக்கவரி என்போம்) பத்து சதவீதம் குறைவாக வந்தால், அந்தப் பத்தும் எவாப்பரேட்டருக்குப் போகும், விறகுக் கணக்கு எகிறும். முதல் மாசமே ஓனர் காலை ஏழு மணிக்குப் பிளான்டுக்கு வந்து ஆபரேட்டரிடம் நேராகக் கேட்டார்: “ரெக்கவரி என்ன வருதுப்பா? நிஜத்தைச் சொல்லு.” பத்து வருஷத்தில் நான் கேட்காத வார்த்தை அது. ஆபரேட்டர் நிஜத்தைச் சொன்னான். அன்றிலிருந்து அந்த ரெஜிஸ்டரில் உண்மையான எண்கள் ஏறின. ஊர் மாறவில்லை, சாதி மாறவில்லை, மரியாதைச் சொல் மாறவில்லை. ஆபரேட்டர் இப்போதும் ஓனர் முன்னால் உட்காருவதில்லை. கெட்ட செய்தியை மறைத்தால் ஓனருக்கே நஷ்டம் என்று ஆனதும் அது மேலே போக ஒரு வழி திறந்தது.

ஆனால் அந்த வழி விறகுக் கணக்குக்கு மட்டும்தான். வற்றவைத்த பிறகு மிஞ்சி, கொட்டகையில் மூட்டை மூட்டையாகக் குவிகிற கலப்பு உப்பு பற்றிய எண் அதே பழைய சாமர்த்தியத்தோடுதான் எழுதப்பட்டது. ஒரே பிளான்ட், ஒரே ஆபரேட்டர், ஒரே நாள். ஒரு ரெஜிஸ்டர் நிஜம், பக்கத்து ரெஜிஸ்டர் கதை. உங்கள் ஐந்து புள்ளிக் கேள்வித்தாள் இதை எந்தக் கட்டத்தில் வைக்கும் என்று எனக்குப் புரியவில்லை.

இதெல்லாம் நம்ம ஊர்க் கோளாறு என்று நினைத்தால் மினமாட்டாவைப் பாருங்கள். ஜப்பானின் குமமோட்டோ பகுதியில் சிஸ்ஸோ என்ற ரசாயன ஆலை, பாதரசம் கலந்த கழிவைக் கடலில் விட்டது. மீன் தின்றவர்களுக்கு நரம்பு நோய். 1956 மே மாதம் அதை முதலில் அதிகாரபூர்வமாகத் தெரிவித்ததே அந்த நிறுவனத்தின் மருத்துவமனைத் தலைவர் ஹோசோகவா ஹஜிமேதான். 1959ல் அவர் ஆலைக் கழிவைப் பூனைகளுக்கு உணவில் கலந்து கொடுத்துப் பார்த்தார். நானூறாவது எண் பூனைக்கு அதே நோய் வந்தது. நிர்வாகத்திடம் சொன்னார். பரிசோதனையை நிறுத்தச் சொன்னார்கள், முடிவு வெளியே வரவில்லை. அந்த டிசம்பரில் புதிதாக ஒரு சுத்திகரிப்புக் கருவியைத் திறந்துவைத்து, விழாவில் கம்பெனித் தலைவர் அதில் வந்த தண்ணீர் என்று ஒரு டம்ளர் குடித்தும் காட்டினார். பாதரசத்தை எடுப்பதற்கான கருவியே இல்லை அது. எங்கள் ஊர்த் தெளிந்த பாட்டில் ஞாபகம் வருகிறதா? 1968 வரை கழிவு கடலுக்குப் போய்க்கொண்டே இருந்தது. ஹோசோகவா பூனை விஷயத்தை நீதிமன்றத்துக்குச் சாட்சியமாகச் சொன்னது 1970ல், புற்றுநோயோடு ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடந்தபோது. சில மாதத்தில் இறந்துபோனார்.

அதிகார இடைவெளிக் கணக்கில் ஜப்பானுக்கு 54தான், நம்மைவிட 23 குறைவு. அங்கேயும் நல்ல மனுஷர் ஒருவர் பதினோரு வருஷம் வாயைத் திறக்கவில்லை. நிறுவன விசுவாசம், குடும்பம் மாதிரிக் கம்பெனி என்று எத்தனையோ காரணம் சொல்லலாம். ஆனால் அதே ஜப்பான் 1970ல் ஒரே நாடாளுமன்றக் கூட்டத்தொடரில் மாசு தொடர்பாக 14 சட்டங்களை நிறைவேற்றியது. குறிப்பிட்ட வகை ஆலைகளில் தேர்வெழுதித் தகுதி பெற்ற மாசுக்கட்டுப்பாட்டு மேலாளர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும் என்று 1971ல் தனிச் சட்டம் வந்தது. இன்றைக்குச் சுற்றுச்சூழல் அறிக்கை என்றால் முன்வரிசையில் ஜப்பானிய நிறுவனங்கள். இடையில் அவர்களுடைய பண்பாட்டு மார்க்கை யாராவது திருத்தினார்களா?

அந்த 1971 சட்டத்தைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது. எங்கள் ஆபரேட்டருக்குச் சட்டத்தில் ஒரு பெயர் கிடையாது.

இப்போது அறிக்கைக்கு வருகிறேன். 2012லேயே பங்குச்சந்தைப் பட்டியலில் உள்ள பெரிய 100 நிறுவனங்களுக்கு வணிகப் பொறுப்பு அறிக்கையைக் கட்டாயமாக்கிய செபி (பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பு), 2021ல் அதை விரித்து பிஆர்எஸ்ஆர் (வணிகப் பொறுப்பு, நிலைத்தன்மை அறிக்கை) என்று ஆக்கியது. 2022-23லிருந்து சந்தை மதிப்பில் முதல் ஆயிரம் நிறுவனங்களுக்கு அது கட்டாயம். உங்கள் மாணவர்களுக்குக் கொண்டாட்டம். எல்லாம் ஒரே வடிவம், இணையத்தில் கிடைக்கிறது, இறக்கி எண்ணலாம். ஆனால் திருப்பூரில் சாயம் போடுகிற, தைக்கிற, ஜாப் ஒர்க் எடுக்கிற நிறுவனங்களில் மிகப் பெரும்பாலானவை அந்த ஆயிரத்தில் இல்லை. பெரிய நிறுவனங்கள் தங்கள் சப்ளையர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும் என்று 2023ல் செபி கொண்டுவந்தது. பிறகு தள்ளிவைத்து, விருப்பமிருந்தால் சொல்லலாம் என்று இளக்கிவிட்டது. ஆக, தண்ணீர் அழுக்காகிற இடம் ஒன்று, நீங்கள் சொற்களை எண்ணுகிற இடம் வேறொன்று.

அந்தப் படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது. சுற்றியுள்ள மக்கள், ஊழியர், முதலீட்டாளர், வாடிக்கையாளர் என்று ஒவ்வொரு தரப்பிடமிருந்தும் வருஷத்தில் எத்தனை புகார் வந்தது, எத்தனை தீரவில்லை என்று எழுத வேண்டும். மக்கள் என்ற வரிக்கு நேராகப் பூஜ்யம் போட்ட அறிக்கைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். எங்கள் கம்பெனி பட்டியலில் இல்லை, ஆனாலும் பையர்கள் கேட்பார்கள் என்று அதே மாதிரி ஒரு படிவம் நிரப்புவோம். நானும் வருஷா வருஷம் பூஜ்யம்தான் போட்டேன். அது பொய்யில்லை. எழுத்தில் ஒரு புகாரும் வந்ததில்லை. போர்வெல் தண்ணீர் நுரைக்கிறது என்று ஊர்ப் பெரியவர் ஓனருக்குப் போன் பண்ணுவார். ஓனர் லாரித் தண்ணீர் அனுப்புவார். மாசாணியம்மன் பொங்கலுக்கு நன்கொடை ஒரு மடங்கு கூடும். யாருடைய பையனுக்காவது பேக்கிங்கில் வேலை கிடைக்கும். விஷயம் முடிந்தது. நன்கொடை வேறொரு அத்தியாயத்தில் ‘சமூக நலம்’ என்று அச்சாகும்.

உங்கள் ஆய்வில் அந்தப் பூஜ்யம் ‘நல்ல உறவு’ என்றோ ‘வெளிப்படைத்தன்மை குறைவு’ என்றோ பதிவாகும். இரண்டும் இல்லை. புகார் வேறு வழியில் போய், வேறு நாணயத்தில் தீர்க்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். கோயில் நன்கொடை ரசீது நோட்டையும் புகார்க் கட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யாராவது பார்த்திருக்கிறீர்களா? எந்த மாசத்தில் நன்கொடை கூடியது, எந்த மாசத்தில் பிளான்ட் பழுதானது என்று? அப்படி ஒரு ஆய்வேடு வந்தால் முதல் பிரதியை நான் காசு கொடுத்து வாங்குவேன்.

இன்னொன்று. பிஆர்எஸ்ஆருக்கு முன்னால் இந்தியாவில் சுற்றுச்சூழல் அறிக்கையே இல்லை என்கிற தொனியில் சில முன்னுரைகள் இருக்கின்றன. வாரிய அனுமதி தேவைப்படும் ஆலைகள் ஒவ்வொரு வருஷமும் படிவம் 5 என்ற சுற்றுச்சூழல் அறிக்கையை மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்துக்குக் கொடுக்க வேண்டும் என்ற விதி 1992லேயே வந்துவிட்டது. எவ்வளவு தண்ணீர், எவ்வளவு மூலப்பொருள், எவ்வளவு கழிவு, மாசைக் குறைக்க என்ன செலவு எல்லாம் அதில் உண்டு. சின்னப் பட்டறையும் கொடுக்க வேண்டும். நானே இருபது தடவைக்கு மேல் நிரப்பியிருக்கிறேன். போன வருஷத்து நகலை எடுத்து, தேதியை மாற்றி, ஐந்து சதவீதம் கூட்டியோ குறைத்தோ போடுவோம். கொடுத்ததும் அது அலமாரிக்குப் போகும்.

போபால் விஷவாயுக் கசிவு நடந்தது 1984ல். எட்டே மாதத்தில் அதே யூனியன் கார்பைடின் மேற்கு வர்ஜீனியா ஆலையிலும் கசிவு. 1986ல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது. பட்டியலில் உள்ள நச்சுப்பொருள்களை எந்த ஆலை எவ்வளவு வெளியே விட்டது என்று வருஷா வருஷம் சொல்ல வேண்டும், யார் வேண்டுமானாலும் அதைப் பார்க்கலாம். செத்தது நம் ஊரில், தெரிந்துகொள்ளும் உரிமை அவர்கள் ஊரில் என்று எனக்கு ஆற்றாமை உண்டு. அதை விடுங்கள். அங்கே அறிக்கை பக்கத்து வீட்டுக்காரருக்கும் போகிறது. இங்கே மேலே போகிறது. நாங்கள் பயன்படுத்தும் வார்த்தையைக் கவனியுங்கள்: அறிக்கை ‘சமர்ப்பிக்கிறோம்’. சாமிக்கும் அதிகாரிக்கும்தான் தமிழில் சமர்ப்பிப்போம். பட்டறைப் பேச்சில் இதற்கு இன்னொரு பெயர், ‘கணக்குக் காட்டுறது’. அந்த வார்த்தைக்குள் எவ்வளவு கேலி இருக்கிறது என்று தமிழ் பேசுகிற உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆங்கிலக் கேள்வித்தாளில் அதற்கு ஈடான சொல்லே கிடையாது.

மொழி என்றதும் இன்னொரு விஷயம் ஞாபகம் வருகிறது. எங்கள் கேட்டில் சுற்றுச்சூழல் கொள்கை ஆங்கிலத்தில் ஒரு போர்டாகத் தொங்கும், கீழே எம்.டி. கையெழுத்து. தமிழிலும் வைக்கச் சொல்லிப் பையர் ஆடிட்டில் குறை எழுதினார்கள் என்று ஒரு தமிழ் போர்டும் வந்தது. அதை என்னாலேயே படித்துப் புரிந்துகொள்ள முடியவில்லை. பிளான்ட் ஆட்களுக்கு ‘போர்டு’ என்றால் அதுவும் இல்லை, மாசுக்கட்டுப்பாட்டு வாரியம். “போர்டு வருது” என்றால் ஐந்து நிமிஷத்தில் எல்லாம் நடக்கும். ஆனால் ஆயுத பூஜையன்று பாருங்கள். ஆர்.ஓ. பம்புக்கு, பேனல் போர்டுக்கு, வெளியேறும் தண்ணீரை அளக்கும் ஃபுளோ மீட்டருக்குக்கூடச் சந்தனம், குங்குமம், மாலை. பொய் எழுதிய அதே கைதான் பொட்டும் வைத்தது, பக்தியாகத்தான் வைத்தது. இந்த இரண்டும் ஒரு மனுஷனுக்குள் எப்படிச் சேர்ந்து இருக்கின்றன என்று ஒரு மாணவர் உட்கார்ந்து பேசிப் பார்க்க வேண்டும்.

உங்கள் நெருக்கடியும் எனக்குத் தெரியும். மூன்று நாலு வருஷத்தில் முடிக்க வேண்டும், ஸ்கோபஸ் பட்டியலில் உள்ள ஆய்விதழில் கட்டுரை வர வேண்டும், எண் இல்லாத ஆய்வை யாரும் மதிப்பதில்லை. சரி, எண்ணே எடுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பித்து ஒரே தொழில்பகுதியின் பத்து வருஷப் படிவம் 5களைக் கேளுங்கள். கிடைத்தால், எத்தனை படிவங்களில் போன வருஷ எண்ணே திரும்ப வருகிறது என்று எண்ணுங்கள், அதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. கேள்வித்தாள் வேண்டுமென்றால் தமிழில், பட்டறைத் தமிழில் எழுதுங்கள். எழுதியதை எச்.ஆர். கையில் கொடுக்காதீர்கள். டீக்கடையில் கொடுங்கள். ஆபரேட்டர் பெயரை ஆய்வேட்டின் எந்த மூலையிலும் போடாதீர்கள், அவனுக்கு அந்த வேலைதான் சோறு. ‘உங்கள் நிறுவனம் சுற்றுச்சூழலை மதிக்கிறதா’ என்று கேட்காமல், ‘போன தடவை மீட்டர் எகிறியபோது முதலில் யாரிடம் சொன்னீர்கள், அவர் யாரிடம் சொன்னார்’ என்று கேளுங்கள். அந்தச் சங்கிலி எந்த ஆளிடம் போய் அறுந்தது என்று வரைந்து கொண்டுவந்தால், நாடுகளின் மார்க் தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

கடைசியாக ஒரு வாக்குமூலம். பழைய பட்டறையில் ரெஜிஸ்டரில் ஒன்று எழுதியபோது, சட்டைப்பை டைரியில் நிஜமான ரீடிங்கையும் எழுதிவைத்தேன். மனசாட்சி என்று பெரிதாக நினைக்க வேண்டாம். நாளைக்குக் கேஸ் வந்தால் எல்லாவற்றையும் என் தலையில் கட்டிவிடுவார்களோ என்ற பயம். 2001லிருந்து 2008 வரை எட்டு டைரிகள். ஐப்பசி, கார்த்திகையில் ஆற்றில் வெள்ளம் வந்த ராத்திரிகளில் தொட்டி மட்டம் திடீரென்று இறங்கியதைத் தனியாகச் சிவப்பு மையில் குறித்திருக்கிறேன். ரெஜிஸ்டர்களின் நகல்களும் கொஞ்சம் இருக்கின்றன. பட்டறை இப்போது குடோன், ஓனரும் காலமாகிவிட்டார். இனி யாருக்கும் அதனால் தொல்லை இல்லை. இரண்டையும் எதிரெதிரே வைத்துப் பார்க்க விரும்புகிற மாணவர் யாராவது இருந்தால் அனுப்பிவையுங்கள், முழுசாகக் கொடுக்கிறேன்.

அவரைப் பிளான்டுகளுக்கும் நானே கூட்டிப்போகிறேன், தெரிந்த பையன்கள் இன்னும் நாலைந்து இடத்தில் வேலையில் இருக்கிறார்கள். ராத்திரி எட்டு மணிக்கு ஷிஃப்ட் மாறும். ஒன்பதரைக்கு மேல் ஆபீஸ் ஆட்கள் யாரும் இருக்க மாட்டார்கள். ஒரு ஃபிளாஸ்க் டீயும், கொசுக்கடிக்கு ஏதாவது களிம்பும் எடுத்துவரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கேள்வித்தாளில் எட்டுப் பேராக இருந்தவன்
திருப்பூர்